பதினைந்துக்குப் பதினைந்து

எனக்கு வந்துகொண்டிருந்தது கீழே விழுந்து கைகால் உதறும் வலிப்பு இல்லை. அப்படி இருந்திருந்தால் சின்ன வயதிலேயே யாராவது சரியான டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். எனக்கு வந்தது ஒரு நிமிஷம், மிஞ்சிப் போனால் ஒன்றரை நிமிஷம். பேசிக்கொண்டே இருப்பேன், நிறுத்திவிடுவேன். கண் திறந்திருக்கும். வாய் எதையோ மெல்லும். இடது கை புடவையைப் பிசையும். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பேச்சு வராது. இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது இரண்டுதான். வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மேலே எழும்பி வரும். அடுத்து, சுற்றியிருப்பவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒன்றும் இருக்காது.

ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் கேள்வி கேட்டபோது இப்படி மென்றுகொண்டு நின்றிருக்கிறேன். திமிர் என்று நினைத்து வெளியே நிறுத்தினார். மூன்றாவது தடவைக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. தையல் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி இரும்புலியூரில் ஒரு மாடி வீட்டுக்கு வந்த பிறகும் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் செல்வம் குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அவருடைய அக்கா கஸ்தூரி எங்களோடுதான் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. அவர்களுக்குச் சொந்த ஊர் கோவளம். அண்ணி விடியற்காலை பஸ் பிடித்துக் கோவளம் போய் மீன் எடுத்து வந்து, எங்கள் பக்கத்துக் காலனிகளில் வீடு வீடாக விற்பார்.

என் மகள் நிவேதாவுக்கு எட்டு மாதம் இருக்கும்போது, காலை நீட்டி உட்கார்ந்து அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வந்துவிட்டது. குழந்தை சறுக்கிக் குப்புற விழுந்திருக்கிறாள். குளியலறையில் தண்ணீர் தேங்கியிருந்தது. அன்றைக்கு மீன் சீக்கிரம் விற்றுப்போனதால் அண்ணி வீட்டில் இருந்தார். எனக்கு நினைவு திரும்பியபோது குழந்தை அவர் தோளில் இருமிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அண்ணி கோவளத்துக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. மீன் அன்னக்கூடையைக் கழுவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் நான் என் மகளோடு ஐந்து நிமிஷம்கூடத் தனியாக இருந்ததில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அதுதான் ஏற்பாடு. ஆஸ்பத்திரிக்கு நான் போனதற்குக் காரணம் அந்த ஏற்பாடு முடிய வேண்டும் என்பதுதான். மற்றபடி எனக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம். வாசலில் செருப்பைக் கழற்றினால் திருட்டுப் போகுமா என்பதிலிருந்து பயம் ஆரம்பமாகும்.

மூன்று வகை மாத்திரை கேட்காமல் போனதும் எங்கள் ஏரியா டாக்டர் நகரத்துக்குள் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஒரு குழாய்க்குள் படுக்க வைத்து, யாரோ வெளியிலிருந்து சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தத்தை முக்கால் மணி நேரம் கேட்க வைக்கிற சோதனை அது. வலிக்காது. படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி நரம்பு டாக்டர் காட்டினார்.

"காதுக்கு மேல, உள்ளுக்குள்ள, ரெண்டு பக்கமும் சுண்டுவிரல் அளவுக்கு ஒண்ணு ஒண்ணு இருக்கு. கடல்குதிரை மாதிரி வளைஞ்சிருக்கும். அதனால அதுக்குப் பேரே கடல்குதிரைதான்."

"வலையில வரும் சார் அது," என்றார் அண்ணி. "காஞ்சா சுருங்கிப்பூடும்."

"கரெக்ட். இவங்களுக்கு இடது பக்கம் இருக்கிறது அப்படித்தான் சுருங்கியிருக்கு. சின்ன வயசுல காய்ச்சல்ல வலிப்பு வந்துதா?"

வந்தது, ரொம்ப நேரத்துக்கு ஓயவே இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்தச் சுருக்கத்திலிருந்துதான் வலிப்பு கிளம்புகிறது, அந்தத் துண்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும் என்றார் டாக்டர். ஆனால் அந்தத் துண்டு சும்மா இருக்கிற துண்டு இல்லை. நாம் பார்ப்பது, கேட்பது எல்லாம் முதலில் அங்கேதான் போய் நிற்கிறது. நாம் தூங்கும்போது மூளை அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, வேறு இடத்தில் நிரந்தரமாகப் பதிய வைக்கிறது. நான் இதை என் வேலையை வைத்துப் புரிந்துகொண்டேன். முதலில் கையால் லேசாக ஓட்டுத்தையல் போட்டு நிறுத்துவோம், பிறகு மிஷினில் அழுத்தித் தைப்போம். ஓட்டுத்தையல் போடுகிற இடம் கடல்குதிரை. மிஷின் ஓடுவது தூக்கத்தில். இடது பக்கத்தில் பெரும்பாலும் சொற்கள், வலது பக்கத்தில் முகங்களும் இடங்களும் என்று டாக்டர் சொன்னார். ஆகவே எடுப்பதற்கு முன்பு இரண்டு பக்கமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வாரம் வார்டில் இருங்கள் என்றார். செல்வம் லீவு போட்டு நிவேதாவைப் பார்த்துக்கொண்டார், அண்ணி என்னோடு தங்கினார்.

அந்த வார்டில் தலை முழுக்கப் பசை வைத்து ஒயர் ஒட்டுவார்கள். மேலே துணி சுற்றுவார்கள். எதிர்ச்சுவரில் கேமரா. மாத்திரையை நிறுத்திவிட்டு வலிப்பு வருவதற்காகக் காத்திருப்பார்கள். வந்தால் மூளையில் எந்த இடத்தில் முதலில் கிளம்புகிறது என்று ஒயரிலும், உடம்பு என்ன செய்கிறது என்று கேமராவிலும் பதிவாகும். கூட இருப்பவர் உடனே மணியை அழுத்த வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக நாங்கள் அது வர வேண்டும் என்று உட்கார்ந்திருந்தோம். இரண்டு நாள் வரவில்லை.

"வேணாம்னா வந்து நிக்குது, வான்னா பிகு பண்ணிகினு கீது," என்றார் அண்ணி. "மாப்பிள்ளை வூட்டுக்காரன் மாதிரி."

தூக்கம் கெட்டால் சீக்கிரம் வரும் என்று, ராத்திரி இரண்டு மணி வரை என்னைத் தூங்கவிடக் கூடாது என்று அண்ணியிடம் சொல்லியிருந்தார்கள். அவர் தன் வாடிக்கைக்காரர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த வீட்டில் புரட்டாசியில் ரகசியமாக மீன் வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று வந்தது. டாக்டர் பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். விருப்பம் இருந்தால் பாருங்கள் என்றார். பார்த்தேன்.

திரையில் ஒரு பொம்பளை தலையில் கட்டோடு உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாள். வலது கை விறைத்து வளைந்திருந்தது. பார்க்க அசிங்கமாக இல்லை, பயமாகவும் இல்லை. யாரோ போலத்தான் இருந்தது. நான் பார்த்தது அண்ணியை. மணியை அழுத்திவிட்டு, வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் முந்தானையைச் சரிசெய்து, எச்சிலைத் தன் புடவையால் துடைத்து, "ஒண்ணும் இல்ல கண்ணு, தோ முடிஞ்சுபூச்சு, தோ முடிஞ்சுபூச்சு" என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். விழித்திருக்கும்போது அவர் என்னைக் கண்ணு என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. எனக்கு நினைவு திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இப்போது என் பக்கத்தில் இருந்த அண்ணி திரையைப் பார்க்காமல் ஃபேன் எப்படிச் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் விமலா டீச்சர் இருந்தார். குரோம்பேட்டையில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை. அவருக்கும் என்னைப் போலத்தான், வலது பக்கம். போன தடவை சேர்ந்திருந்தபோதே ஞாபகப் பரிசோதனை முடித்தவர். நான் அதைப் பற்றிக் கேட்டுக்கேட்டு அவர் உயிரை எடுத்தேன். எத்தனை கேள்வி, எழுத வேண்டுமா, இங்கிலீஷில் இருக்குமா, தெரியாவிட்டால் திட்டுவார்களா.

"அமுதா, இவ்ளோ டென்ஷன் ஆகாதீங்க," என்றார் டீச்சர். "பதினஞ்சு வார்த்தை வாசிப்பாங்க. திருப்பிச் சொல்லணும். அரை மணி கழிச்சு மறுபடி கேட்பாங்க. அவ்ளோதான்."

"எனக்கு ஒண்ணுமே நிக்காது டீச்சர். பள்ளிக்கூடத்துலயே நின்னதில்ல."

டீச்சர் தன் ஃபைலைத் திருப்பினார். பின்னட்டையில் பதினைந்து சொற்களும் பென்சிலில் இருந்தன. "எந்த பேப்பர் முடிஞ்சு வெளிய வந்தாலும் உடனே எழுதி வெக்கிறது எனக்குப் பழக்கம். எல்லாருக்கும் இதே லிஸ்ட்தான் கேக்கறாங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

இதைப் படிக்கிறவர்களுக்கு இது தப்பு என்று உடனே தெரியும். எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. பரீட்சை என்றால் பாஸாக வேண்டும், பாஸானால்தான் ஆபரேஷன் செய்வார்கள் என்று நான் நம்பினேன். அண்ணியும் அப்படித்தான் நம்பினார். ஒரு டீச்சருக்கே வேறு மாதிரி தோன்றவில்லை.

பரிசோதனைக்கு நான்கு நாள் இருந்தது. குடை பிடித்த யானை தாழ்ப்பாளைத் திறந்து வெல்லம் தின்றது என்று ஆரம்பித்து, பதினைந்தையும் ஒரு கதையாகக் கோர்த்துக்கொண்டேன். கக்கூஸ் போகும்போதும், ஒயர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடக்கும்போதும் அண்ணி ஒப்பிக்க வைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. டீச்சர் சொன்னதை ஒரே தடவை கேட்டு மனதில் வைத்துக்கொண்டார்.

"சீப்ப வுட்டுட்ட."

"சொன்னேனே அண்ணி."

"சொல்லல. திரும்ப மொதல்லேர்ந்து வா."

முதல் நாள் ஆறு வந்தது. ஒவ்வொரு ராத்திரியும் தூங்கி எழுந்தால் முந்தைய நாளைவிட ஒன்றிரண்டு கூடுதலாக நின்றது. நான்காம் நாள் தடங்கல் இல்லாமல் வந்தது. எனக்கே ஆச்சரியம்.

பரிசோதனை செய்தது சைக்காலஜிஸ்ட் மேடம். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். படங்கள் காட்டினார், முகங்கள் காட்டினார், ஒரு கோலம் போன்ற வரைபடத்தைப் பார்த்து வரையச் சொன்னார். அதெல்லாம் நன்றாகவே செய்தேன். பிறகு குடை என்று ஆரம்பித்தார். அரை மணி கழித்துக் கேட்டபோது வரிசை மாறாமல் பதினைந்தும் சொன்னேன். "ரொம்ப நல்லா பண்றீங்களே," என்று ஒரு மாதிரி பார்த்து எழுதிக்கொண்டார். ஏழாம் வகுப்பு வரை யாரும் என்னிடம் சொல்லாதது அது.

இரண்டு நாள் கழித்து டாக்டர் என்னையும் அண்ணியையும் செல்வத்தையும் கூப்பிட்டார்.

"இது நல்ல சேதியா கெட்ட சேதியான்னு எனக்கே தெரியல. உங்க இடது பக்கம் சுருங்கியிருந்தாலும் நல்லா வேலை செய்யுது. வேலை செய்யற ஒண்ணை எடுத்தா, காலையில சொன்னது சாயங்காலம் நிக்காது. அந்த ரிஸ்க் நான் எடுக்க மாட்டேன். ஆபரேஷன் வேணாம். வேற மாத்திரை பார்ப்போம்."

என் கணவருக்குப் புரியவில்லை. "பாஸ் பண்ணா ஆபரேஷன் இல்லைன்னு யாரும் சொல்லலையே சார்."

"இது பாஸ், ஃபெயில் இல்லைங்க. எது ஏற்கெனவே போயிடுச்சோ அதை எடுத்தா நஷ்டமில்ல. அதைத்தான் பார்க்கறோம்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி தரையைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நாள் நான் யோசித்த மாதிரி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் பொய் சொன்னவள் என்று பெயரை அடித்துவிடுவார்கள். டீச்சருக்கு வைத்தியம் பார்க்க மாட்டார்கள். செல்வத்துக்குத் தெரிந்தால் அக்காவோடு சண்டை. சொன்ன பிறகு மறுபடி பரிசோதித்து அப்போதும் நன்றாக வந்துவிட்டால் என்ன செய்வது. நன்றாக வராமல், ஆபரேஷன் செய்து, இருக்கிற கொஞ்சமும் போய்விட்டால் என்ன செய்வது. சொல்லாமல் இருந்தால் எதுவும் மாறாது. பயந்த ஆளுக்கு எதுவும் மாறாமல் இருப்பது ஒரு சௌகரியம்.

பத்தாம் நாள் சமையலறையில் எனக்கு வந்தது. அண்ணி துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறியிருந்தார். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தபோது பார்த்ததை அன்று சாயங்காலம் சொன்னார்.

"உம் பொண்ணு இன்னா பண்ணிச்சு தெரியுமா? உன் பக்கத்துல குந்திகினு, கவுனால உன் வாயத் தொடச்சுகினு, முடிஞ்சுபூச்சு முடிஞ்சுபூச்சுன்னு சொல்லிகினு கீது. அழவே இல்ல." நிவேதாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ரெண்டு வயசுகூட ஆவல அத்துக்கு. நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்," என்றார்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். மேடம் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போய் நின்றபடியே சொன்னேன். "மேடம், நான் காப்பி அடிச்சுட்டேன்."

"இதுல எப்படிம்மா காப்பி அடிக்க முடியும்?"

"நான்தாம்மா பாடம் எடுத்தேன்," என்றார் அண்ணி. "அவளத் திட்டாதீங்க. நாலு நாளு, போவசொல்ல வரசொல்ல ஒப்பிச்சா."

மேடம் பேனாவை மூடி வைத்தார். இப்போது சொல்லுங்கள் பார்க்கலாம் என்றார். குடையிலிருந்து பதினைந்தும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு அவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. அந்தப் பட்டியல் யார் கொடுத்தது என்று கேட்டார். ஞாபகமில்லை என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

"நாலு நாள், நாலு ராத்திரி திரும்பத் திரும்ப ஓட்டினா, பழுதான பக்கம்கூட மெதுவா வேற வழியில ஏத்திக்கும். அது மனப்பாடம். நாங்க பார்க்கிறது அது இல்ல. இன்னிக்குக் கேட்டது இன்னிக்கு நிக்குதா, அதான். நீங்க வந்து சொல்லலைன்னா இன்னும் இருபது வருஷம் மாத்திரை மாத்திகிட்டே இருந்திருப்பீங்க."

மூன்று வாரம் கழித்து வேறு பட்டியல் வைத்துக் கேட்டார். வாசித்ததும் ஐந்து சொன்னேன். அரை மணி கழித்து நான்கு சொன்னேன். அதில் ஒன்று பட்டியலிலேயே இல்லை என்றார். வெளியே வந்ததும் அண்ணி எழுந்தார்.

"எத்தினி?"

"மூணு."

"நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான் போல."

மற்ற சோதனைகளில் என் வலது பக்கம் நன்றாக இருந்தது. இடது பக்கம் போனது போனதுதான், எடுப்பதால் பெரிதாக இழக்க ஒன்றுமில்லை, சில பெயர்கள் வாயில் வரத் தாமதமாகலாம் என்று டாக்டர் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். பணத்தைப் பற்றி எழுதினால் இது வேறு கதையாகிவிடும். பட்டறை முதலாளி பாதியைக் கொடுத்து உதவினார் என்பதோடு விடுகிறேன்.

ஆபரேஷன் பற்றி நான் சொல்ல முடிந்தது குறைவு. மயக்கத்தில் நடக்கிறது. முந்தைய நாள் இடது பக்க முடியை எடுத்தார்கள். கண் விழித்தபோது தாடை வலித்தது, வாயை ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது. அது இரண்டு மாதத்தில் சரியாகும் என்றார்கள், ஆனது. நர்ஸ் பேனாவைக் காட்டி என்ன என்று கேட்டார். தெரிந்தது, சொல் வரவில்லை. "எழுதறது," என்றேன். அண்ணி கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தார். அவருடைய பெயர் வந்தது. நிவேதாவின் பெயர் வந்தது. மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்றும் சில சொற்களுக்குக் காத்திருக்கிறேன். மாவு சலிக்கிற அதைக் கையில் வைத்துக்கொண்டே பெயர் தேடுவேன். நிவேதா சொல்லிக் கொடுப்பாள். மாத்திரை தொடர்கிறது. ஆஸ்பத்திரியில் அந்தப் பட்டியலை மாற்றிவிட்டார்கள். விமலா டீச்சர் தன் ஃபைலின் அட்டையை மாற்றிவிட்டார். நீங்கள் அங்கே போக நேர்ந்தால், யாராவது எதையாவது சொல்லிக் கொடுத்தால் காதை மூடிக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்குத்தான் அங்கே கூப்பிடுகிறார்கள்.

ஒரு வருஷம் எனக்கு வரவில்லை. வருஷம் முடிந்து போய்ப் பார்த்தபோது டாக்டர் அண்ணியிடம், "இனிமே நீங்க காவல் இருக்க வேணாம்," என்றார். "பாக்கலாம் சார்," என்றார் அண்ணி.

அடுத்த திங்கட்கிழமை விடியற்காலை அண்ணி மீன் எடுக்கக் கிளம்பினார். செல்வத்துக்கு அந்த வாரம் ராத்திரி ஷிப்ட், இன்னும் வரவில்லை. "கதவத் தாப்பா போட்டுக்காத, சும்மா சாத்திக்க," என்று மட்டும் சொன்னார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். எதிரில் பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போகிற பஸ் வந்தது, போனது. அவர் ஏறவில்லை. அடுத்ததும் போனது. எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். செல்வம் வந்து வண்டியை நிறுத்தும் வரை அங்கேயே இருந்துவிட்டு, "மீனே இல்ல இன்னைக்கு," என்று மேலே வந்தார். செவ்வாய்க்கிழமையும் மீன் இல்லை.

புதன்கிழமை ஜன்னலைத் திறந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. பஸ் அப்போதுதான் போயிருக்க வேண்டும். வயிற்றிலிருந்து ஏதாவது எழும்புகிறதா என்று கவனித்தேன். பசிதான். நிவேதா எழுந்து வந்து, வழக்கம்போல அடுத்த அறையை எட்டிப் பார்த்தாள், சமையலறையை எட்டிப் பார்த்தாள்.

"யாரும் இல்ல," என்றாள்.

"நான் இருக்கேன்," என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பல் விளக்கிவிடச் சொல்லி வாயைத் திறந்தாள்.